டிரம்மில் ஒரு கீறல்

பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
என் ஜெராக்ஸ் கடை.
ஒரு பக்கம் இரண்டு ரூபாய்,
முன்னும் பின்னும் என்றால் மூன்று.

வார்டு மறுவரையறைப் படம்
ஊருக்கு வருமுன் என் கண்ணாடி மேல் வந்தது.
பேரூராட்சி பியூன் நாலாக மடித்து
டீ வாங்கப் போகிறவன் போலக் கொண்டுவந்தான்.
ஐம்பது காப்பி.

பழைய ஏழாம் வார்டு
தக்காளி மண்டியில் புறப்பட்டு
சாக்கடை ஓரமாகவே போய்
ரயில்வே கேட்டில் நிற்கும்.
சாக்கடைக்காவது ஒரு நியாயம் உண்டு,
பள்ளம் பார்த்துப் போகும்.
புதுக்கோடு தண்ணீர்த் தொட்டிவரை நேராக வந்து
எதையோ மறந்தவர் மாதிரி சட்டெனத் திரும்பி
மூன்று தெருவை ஒன்பதில் தள்ளிவிட்டு
மஞ்சள் கல் நட்ட மனைப்பிரிவை
வளைத்துக்கொண்டது.
அங்கே இன்னும் வீடு இல்லை.
ஓட்டு இருக்கிறது,
தீர்த்தகிரியின் அக்கா வீட்டு விலாசத்தில்
முப்பத்தெட்டு.

அந்த மூன்று தெருவும் லகுமம்மாவின் தெரு.
மண்டியில் பெட்டி அடுக்குகிறவள்.
ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போன
ஒவ்வொருவருக்கும் தாலுகா ஆபீஸ் படி ஏறினவள்.
பதினோரு நாள் கூலியைக்
கட்சி விருப்ப மனுவுக்குக் கட்டிவிட்டு
ரசீதை நகலெடுக்க வந்தாள்.
"வேர்வை பட்டா எழுத்து போயிடுங்க."

கூடவே படமும் ஒன்று கேட்டாள்.

என் மிஷின் பழசு.
டிரம்மில் ஒரு கீறல்.
எதை நகலெடுத்தாலும்
மேலிருந்து கீழாக
மயிரிழைக் கோடு ஒன்று விழும்,
சாவுச் சான்றிதழிலும், மார்க் ஷீட்டிலும்.
யாரும் கேட்டதில்லை.

அன்று அது விழுந்த இடம்
அந்த மூன்று தெருவுக்கும் அப்பால்.
லகுமம்மா விரல் வைத்துப் பார்த்தாள்.
"இதுதான் எல்லைங்களா? அப்போ நாங்க ஏழுலதான் இருக்கோம்?"
நீட் விண்ணப்பத்தோடு எட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.
நான் ஏதோ தலையாட்டினேன்.
ஆமாம் போலவும் இருந்திருக்கும்.

ராத்திரி மூன்று தெருவிலும்
விளக்கணைக்கவில்லை என்றார்கள்.

நேர்காணல் கல்யாண மண்டபத்தில்.
மேடையில் மூன்று நாற்காலி,
பின்னால் யாரோ ஒரு மணமக்களின் பெயர்
பாதி உதிர்ந்த தெர்மோகோலில்.
எவ்வளவு செலவழிப்பே என்றார்களாம்.
உனக்கு யார் இருக்காங்க என்றார்களாம்.
முதல் கேள்விக்கு வாய் திறக்காதவள்
இரண்டாவதற்கு
வாசல் வாசலாகச் சொல்லத் தொடங்கி
நாற்பதாவது வாசலில்,
"அவங்க எல்லாம் ஒன்பதும்மா."
அவள் தன் காப்பியை நீட்டினாள்.
அவர் தன்னுடையதை நீட்டினார்.
நடுநாற்காலி சிரித்தாராம்,
"இது ஜெராக்ஸ் அழுக்கு."

ஏழு பெண்கள் வார்டு.
சீட்டு தீர்த்தகிரியின் மனைவிக்கு.
வேட்புமனுவை நகலெடுக்க அவரே வந்தார்.
கையெழுத்துக் கட்டத்தைத் தடவிக்கொண்டே
"இங்க நானே போட்டுடலாமா?" என்றார்.
நான் என்ன தேர்தல் அதிகாரியா?
ஊர் இனி ஓட்டுப் போடும்.
வரிசையில் நிற்கும், மை காட்டும்.
யாருக்குப் போடலாம் என்பதைப்
பென்சில் பிடித்த கை ஒன்று
முன்னமே போட்டு முடித்திருந்தது.

தர்மபுரி போய்ப் புது டிரம் வாங்கினேன்.
ஆயிரத்து எண்ணூறு.
மாட்டிய மறுநாள் லகுமம்மா வந்தாள்,
ஆட்சேபணை மனுவோடு.
கடைசித் தேதி போன வாரமே போய்விட்டது,
அவளுக்கும் தெரியும்.
இருந்தாலும் படத்தோடு சேர்த்து இரண்டு காப்பி.

காசு வேண்டாம் என்றேன்.
சில்லறையை எண்ணி மேஜையில் வைத்தாள்.
சுடச்சுட வந்த காகிதத்தை
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து
மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தக் கோடு எங்கேங்க?"