சுவர்க்கோழி

வாடகை ஒப்பந்தத்தில் நாய் கூடாது, பூனை கூடாது,
அசைவம் சமைக்கக் கூடாது,
சுவரில் ஆணி கூடாது.
பல்லியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
இருபது ரூபாய் பத்திரத்தில் நான் கையெழுத்திடும்போது
தோள்பைக்குள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது ஜமீன்,
ஓட்டை போட்ட ஐஸ்கிரீம் டப்பாவில்.

பூர்வீகம் ஏதோ பிரெஞ்சுத் தீவாம்.
பாண்டிச்சேரியில் இறங்கியிருக்க வேண்டியது,
தூக்கக் கலக்கத்தில் மஞ்சக்குப்பம் வந்துவிட்டது.

கண்ணுக்கு மேலே முள்முள்ளாய் ஒரு வரிசை,
மூடிக்கொள்ள மட்டும் இமை கிடையாது.
தூசி விழுந்தால் நாக்கை நீட்டித்
தன் கண்ணைத் தானே நக்கிக்கொள்ளும்.
கலெக்டர் ஆபீசில் நாலு மணிக்கு மேல்
எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

திங்களும் வியாழனும் பழம்.
கற்பூரவள்ளியில் பாதி, பப்பாளி ஒரு விரற்கடை,
முள்கரண்டியால் மசித்து
கால்சியம் தூள் ஒரு சிட்டிகை.
ஆனியில் ஒருநாள் பண்ருட்டிச் சுளையை இழைத்து வைத்தேன்.
இரண்டு நக்கு.
பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது,
பந்தியில் குறை கண்ட சம்பந்தி மாதிரி.

சனிக்கிழமை இரவு பூச்சி.
அதற்குத்தான் பரண்மேல் அந்த வாளி,
உள்ளே முட்டை அட்டைகள்,
அட்டைக்கு அட்டை சுவர்க்கோழி.
காரட் துருவிப் போடுகிறேன், கொத்தமல்லிக் காம்பு போடுகிறேன்.
அவை தின்பது அவற்றுக்காக இல்லை என்று
எனக்கு மட்டும் தெரியும்.
நன்றாகச் சாப்பிடுங்கள் என்று சொல்ல
இதுவரை வாய் வந்ததில்லை.

ஒன்றைப் பிடித்து
வெள்ளைத்தூளில் குலுக்கிக் கண்ணாடிக்குள் விட்டுக்
கை கழுவப் போவேன். அவசரமாகக் கழுவமாட்டேன்.
திரும்பி வந்தால் வாயோரம் இரண்டு கால்.
சமைக்கவில்லையே, ஐயா.
பச்சையாகத்தானே பரிமாறுகிறேன்.

குழல்விளக்கின் அடியில் ஊர்ப்பல்லி ஒன்றும் உண்டு.
வாடகை இல்லை, கால்சியம் இல்லை,
ஈசல் வந்தால் தொந்தி.
கார்த்திகையில் ஜன்னல் இடுக்கில் வாலை விட்டுப் போனது,
தைக்குள் புதுவால் முளைத்துவிட்டது, கொஞ்சம் மொட்டையாய்.
ஜமீனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை,
போனால் போனதுதான்.
கண்ணாடி மூடியைச் சாத்தும்போதெல்லாம்
ஒருமுறைக்கு மூன்றுமுறை வாலை எண்ணுகிறேன்,
இருப்பது ஒன்றுதான் என்றாலும்.

அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் போனது.
வெயில் தாங்காத சாதி.
உறைந்த தண்ணீர் பாட்டிலுக்குத் துணி சுற்றி
கண்ணாடியோரம் வைத்து
அட்டையால் விசிறிக்கொண்டே இருந்தேன்.
வாளியின் மூடி
ஞாபகத்தில் இல்லை.

இரவு இரண்டு மணிக்கு
அலமாரிக்குப் பின்னால் ஒன்று தொடங்கியது.
அம்மிக்கடியில் இன்னொன்று.
அப்புறம் வீடே.

மாடியிலிருந்து டார்ச்சோடு இறங்கி வந்தார் கலியமூர்த்தி.
"இன்னாம்மா, உள்ள கச்சேரியா?"
சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.
வெளிச்சத்தைக் கண்ணாடியில் வைத்து
வெகுநேரம் குனிந்திருந்தார்.
ஜமீன் நாக்கை நீட்டிக் கண்ணைத் துடைத்தது.
"இது சொல்லுமா?"
"இதுவரைக்கும் ஒண்ணும் சொன்னதில்ல, சார்."
"நல்லது" என்றார். "மேல ஒண்ணு
ரொம்ப சொல்லிக்கிட்டு இருக்கு."
பல்லியைச் சொன்னாரா
வீட்டுக்காரம்மாவைச் சொன்னாரா, தெரியவில்லை.

அடுத்த மாத ரசீதில்
இருநூறு ரூபாய் கூட.
ஆட்கள் என்ற கட்டத்தில் 1 அடித்து 2.
வெள்ளிக்கிழமை வாசற்படியில்
கொல்லை மரத்துப் பப்பாளி,
காக்கை கொத்திய பக்கத்தை மட்டும் அறுத்தெடுத்து.

வாளியில் பாதிதான் மிச்சம்.
மீதிப் பேர் எந்தச் செங்கலுக்குள் என்று தெரியவில்லை.
ராத்திரியில் ஒன்று மட்டும் பாடுகிறது,
பழம் மசிக்க நான் கரண்டியை எடுத்தால்
சட்டென்று நிறுத்திக்கொள்கிறது.