நாலு வீதம்

தலவாக்கலையில் போன் கடையைப் பூட்டியபின்
மேல்மாடி அறையில் நான் விமானம் ஓட்டுவேன்.
ஜோய்ஸ்டிக் ஒரு கம்பனி,
த்ரொட்டில் இன்னொரு கம்பனி.
இரண்டும் கொழும்புக் கண்டெய்னரில்
கிலோக் கணக்கில் வந்த பழசு.
மனஸ்தாபப்பட்ட சம்பந்தி வீட்டார் மாதிரி
ஒன்றோடொன்று பேசாது.
நடுவில் நின்று பேச ஒரு மென்பொருள் வேண்டும்.
இறக்கிப் பார்த்தது இரண்டு.

முதலாவது படமாக வரும்.
என் கையிலிருக்கும் பிடியையே
திரையில் வரைந்து வைத்திருக்கும்.
பொத்தானை அமுக்கினால் அங்கேயும் மினுங்கும்.
‘சக்கரத்தை இறக்கு’ என்ற கட்டத்தை இழுத்துவந்து
பொத்தானின் தலையில் போட்டால் தீர்ந்தது வேலை.
பண்டாரவளை கஜரூபனுக்கு இதுதான் உயிர்.
“மூணே நிமிசம்க்கா, நான் பறந்துட்டேன்” என்பான்.
ஆனால் அது தன் கம்பனிப் பிள்ளையை மட்டும்தான்
நிமிர்ந்து பார்க்கும்.
என் த்ரொட்டிலைச் செருகினால்
யாரும் வரவில்லை என்கிறது.
மழைக்கு இன்டர்நெட் விழுந்த இரவில்
கடவுச்சொல் கேட்டு
வாசலிலேயே நிற்கவைத்தது என்னை.

இரண்டாவது கறுப்புத் திரை.
படம் கிடையாது, வரிவரியாக எழுத வேண்டும்.
ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டால்
இருபத்திரண்டாம் வரியில் பிழை என்று கத்தும்;
பிழை இருப்பது பத்தொன்பதில்.
ஆனால் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில்லை,
எதைச் செருகினாலும் உள்ளே விடும்.
ஒரே பொத்தானுக்கு மூன்று வேலை கொடுக்கலாம்:
தொட்டால் விளக்கு,
அழுத்திப் பிடித்தால் பிரேக்,
சுண்டுவிரலால் அடி நெம்பை இழுத்தபடி தொட்டால்
ஜன்னலுக்கு வெளியே பார்க்கலாம்.
“பறக்கப் போறீங்களா, பரீட்சை எழுதப் போறீங்களா?”
கஜரூபன் சிரித்தான்.
கரண்ட் போன நாளில் அந்த வரிகளை
பில் புத்தகத்தின் முதுகில் எழுதி வைத்தேன்.
படத்தை அப்படி எழுதிவைக்க முடியுமா?

என் ஜோய்ஸ்டிக்குக்கு ஒரு வருத்தம் இருந்தது.
கையை எடுத்த பிறகும் இடப்பக்கம் சாயும்.
காசல்ரீ நீர்மேல் இறங்க வந்தால்
மலையைப் பார்த்துத் திரும்பும்.
முதலாவதில் இதற்கென்றே ஒரு குமிழ்.
நகர்த்தினேன்: நடுவில் நாலு வீதம், காது கேளாத இடம்.
அதற்குள் என்ன நடுங்கினாலும்
விமானத்துக்குத் தெரியாது.
நேராகப் போனது. நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாவதோ அந்த நடுக்கத்தை
எண்ணாக எடுத்து முன்னால் வைத்தது.
512 நிற்க வேண்டிய இடத்தில்
497
531
490.
கையை எடுத்தேன். எண் நிற்கவில்லை.

திருகைக் கழற்றிப் பார்த்தால்
உள்ளே தேயிலைத் தூள்.
கண்டெய்னரில் வந்ததல்ல.
கீழே லொறி போகும்போதெல்லாம்
ஜன்னல் வழியே ஏறுகிற நம்மூர்த் தூள்தான்.
போன் போர்ட் கழுவுகிற ஸ்பிரிட்,
பழைய டூத் பிரஷ், அரை மணி நேரம்.
512. 512. 512.

பிடித்தேன்.
513, 510, 514.
இது தூளில்லை.

வெளியே கடைசி பஸ் ஹற்றனுக்கு
வெறுமையாகப் போனது.
நாலு வீதத்தைப் பூச்சியமாக்கினேன்.
விமானம் கொஞ்சம் ஆடியது, நான் ஆடுகிற அளவுக்கு;
ஆடியபடியே தண்ணீரைத் தொட்டது.

இரண்டு சாய்கோடு போட்டுவிட்டு எழுதினால்
அந்த எழுத்தைக் கணினி படிக்காது.
முப்பத்தோராம் வரியின் ஓரத்தில் எழுதினேன்:
// இது என் கை.

எது நல்லதென்று மட்டும் சொல்லுங்கள் என்று
கேட்டுக்கொண்டே இருந்த கஜரூபனுக்கு
பதிலாகக் கோப்பையே அனுப்பினேன்.
இரண்டு நாள் சத்தமில்லை.
மூன்றாம் நாள் கோப்பு திரும்பி வந்தது,
என் வரிக்குக் கீழே
அவனும் இரண்டு சாய்கோடு போட்டு:
// எனக்கு ஆறு வருது. தூளில்லை, கழற்றிப் பாத்துட்டேன்.