செப்டம்பரில் வாருங்கள்

ஓல்ட்டன் பணிமனை. இரவு ஒன்றரை.
ஜெனீவாவிலிருந்து வந்த பெட்டிகள் ஏழாம் தண்டவாளத்தில்.
இருக்கை இடுக்கில் சூரியகாந்தி விதைத் தோல்,
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை.
இரண்டு வாளிக்கு நடுவே நின்றபடி
மிலேனா போனை நீட்டுகிறாள்:
"பார், எங்கள் பேராசிரியர்."

சைக்கிளில் போகிறார் பிரதமர்.
கழுத்துப்பட்டி காற்றில் தோளுக்குப் பின்னால் பறக்கிறது.
நேற்று எழுபதாயிரம் இதயங்கள்.
இன்று, நாங்கள் மூன்றாம் பெட்டி முடிப்பதற்குள்
இன்னொரு நாலாயிரம்.
ஸ்லோவேனியா கையளவு நாடு, என்கிறாள்,
கைக்குழந்தைகளும் விரல் வைக்கிறார்கள் போல.

போன தைப்பொங்கலுக்கு அவருக்குக் கட்சியே இல்லை.
ஆடி பிறக்கும்போது நாடு அவர் கையில்.
கத்திப் பேசமாட்டார்.
ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால்
அதன் விதிவிலக்குகளையும் சொல்லித்தான் முடிப்பார்.
அதை வெட்டி, ஒட்டி, அடியில் தாளம் போட்டு
பையன்கள் சுற்றவிடுகிறார்கள்.
"இரண்டாம் பத்தியையும் படியுங்கள்" என்று
எங்கோ சபையில் சொன்னாராம்;
அது இப்போது தேநீர்க் கோப்பையில் அச்சாகி விற்கிறது.

எனக்குச் சிரிப்பு.
தலைவரென்றால் நான் கண்டது
ஒலிபெருக்கி, மாலை, பின்னால் ஒரு ஜீப்.
இரண்டாம் பத்தியைப் படிக்கச் சொல்லி
யாரும் என்னை மிரட்டியதில்லை.

எங்கள் இருவருக்கும் இடையே ஓடுவது உடைந்த ஜெர்மன்.
வினைச்சொல்லைக் கடைசிவரை பிடித்துவைப்பது
தமிழனுக்குப் பழகிய வேலை.
அவளோ பாதியிலேயே கொட்டிவிடுவாள்.
அப்படித்தான் ஒருநாள் கொட்டினாள்:
"படித்தேன் நான், அவரிடம், சட்டம்."

அன்று அவர் பழைய படம் ஒன்றைப் போட்டிருந்தார்.
லுப்லியானாவில் வகுப்பறை, கறுப்பு வெள்ளை,
தலை நிறைய முடியோடு அவர்.
மிலேனா இரண்டு விரலால் படத்தை விரித்தாள்.
மூன்றாம் வரிசை. தூண் மறைத்த பாதி முகம்.
ஒரு காது, மூக்குக்கண்ணாடியின் ஒரு வட்டம்.
ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேர்
அந்தக் காதுக்கும் சேர்த்துத்தான்
இதயம் கொடுத்திருக்கிறார்கள்.

வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி கேட்டாராம்.
இவள் ஏதோ சொல்ல, அவர் கோபிக்கவில்லை;
பேனாவை மூடி, "செப்டம்பரில் வாருங்கள்" என்றாராம்.
அந்தச் செப்டம்பரில் இவள் சூரிச்சில்
ஒரு ஹோட்டலில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள்.

மாசியில் காற்று திரும்பியது.
ஆசிரியர்கள் தெருவில். மருத்துவமனைகளில் வரிசை.
அதே சைக்கிள், அதே கழுத்துப்பட்டி;
இதயம் இருந்த இடத்தில்
கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள்.
கோப்பை பாதி விலைக்கு இறங்கியதும்
மிலேனா இரண்டு வாங்கினாள். ஒன்று எனக்கு.
கைப்பிடிக்கு அருகே "இரண்டாம்" கொஞ்சம் அழிந்திருக்கிறது.

"உன் இதயத்தைத் திரும்ப எடுக்கவில்லையா?"
"எடுத்தால் என் காதும் போய்விடும்."

"அப்படி என்னதான் கேட்டார்?"
தரை துடைக்கும் கட்டையை நிறுத்தி யோசித்தாள்.
எட்டாம் பெட்டியின் விளக்கு ஒருமுறை இமைத்தது.
"அது மறந்துவிட்டது," என்றாள்.
"பேனா பச்சை நிறம்."

நாலு ஐம்பத்திரண்டுக்கு பேர்ன் ரயில்.
இன்னும் கழிப்பறை இரண்டு பாக்கி.