கால்மாடு

ஆறாம் தளம், நூற்றுப் பதினான்காம் அறை.
பெர்கன் தாண்டிய முதல் காலை
கதவைத் தட்டித் திறந்தால்
தலையணை இரண்டும் கால்மாட்டில் கிடந்தன.
எடுத்துத் தட்டி, இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன்.
பதினெட்டு அறை எனக்கு.
ஓர் அறையைப் பற்றி யோசிக்க
பதினாலு நிமிஷம்தான் கொடுப்பார்கள்.

மறுநாளும் அப்படியே.
சன்னல் பக்கம் தலை, கதவுப் பக்கம் கால்.
சண்டையோ?
சண்டை என்றால் ஒரு தலையணைதானே இடம் மாறும்.

எங்கள் இலோய்லோவில்
கதவுக்குக் கால் நீட்டிப் படுத்தால்
அம்மா தூக்கத்திலேயே இழுத்துத் திருப்பிப் போடுவாள்.
அப்படிக் கால் முன்னே போக வாசல் தாண்டுவது
ஒரே ஒரு தடவைதான்,
நாலு பேர் தூக்கிக்கொண்டு.
மர்டோ கெட்டிஸுக்கு எழுபத்தைந்து இருக்கும்.
மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும்
கடன் அடைப்பது போல் மூச்சு விடுவார்.
அதனால் இந்தத் தடவை
கொஞ்சம் அவசரமாகவே திருப்பி வைத்தேன்.
மேலே ஆளுக்கொரு சாக்லேட்.

மூன்றாம் நாள் மேசை துடைக்கையில்
சுவரில் வெள்ளை அடாப்டர் ஒன்று.
தொட்டேன். இன்னும் சூடு ஆறவில்லை.

அந்த அறையில் பிளக் பாயிண்ட் மூன்று:
திடுக்கிட்ட முகமாய் அமெரிக்காவுக்கு இரண்டு,
இரண்டு உருண்டைக் கண்ணோடு ஐரோப்பாவுக்கு ஒன்று.
மூன்றும் சன்னலோர மேசையில்.
குளியலறையில் இன்னொன்று உண்டு,
சவரத்துக்கு மட்டும் வாய் திறக்கும்.
ஸ்காட்லாந்திலிருந்து வந்த தடித்த மூணு கால் பிளக்
இவை எதிலும் ஏறாது.

பாதி திறந்த இழுப்பறைக்குள்
ஒரு முகமூடி, வளையம் வளையமாய்க் குழாய்,
தூங்கும்போது மூச்சைத் தள்ளிவிடும் சின்ன யந்திரம்.
வயர் ஒன்றரை மீட்டர்.
அவர்கள் கொண்டுவந்த நீள வயரை
கோபன்ஹேகனில் ஏறும்போதே பிடுங்கிக்கொண்டார்கள்.
பெயர்ச்சீட்டு கட்டி, கீழே ஒரு கூண்டில்,
இஸ்திரிப்பெட்டிகளோடும் கெட்டில்களோடும்
அதுவும் உள்ளே இருக்கிறது.

கட்டிலின் தலைமாட்டிலோ வெறும் சுவர்.
வரைந்தவனுக்கு மூச்சு முட்டியதே இல்லை போல.

மூச்சு மேசைப் பக்கம் இருந்தது,
அதன் பக்கம் தலை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.
நான் பகலில் திருப்பி வைக்க,
அவர்கள் ராத்திரியில் திருப்பிக்கொண்டு,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்,
காலையில் "தேங்க் யூ, ஆர்னுல்ஃபோ" என்று மட்டும்.

எலக்ட்ரீஷியன் ஸ்வோன்கோவிடம் போனேன்.
ஒரு படிவம், மூன்று கையெழுத்து, ஒரு முனகல்.
நாலாம் நாள் சாயங்காலம்
கம்பெனி முத்திரை ஒட்டிய வயர் வந்தது.
யாருக்கும் கால் தடுக்காதபடி
சுவரோரமாய் டேப் ஒட்டி இழுத்து,
தலையணைகளைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தேன்.
அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தாம் நாள்
வயர் சுருட்டி மேசை மேல் இருக்கிறது.
டேப்பைக்கூட உருண்டையாக்கி வைத்திருக்கிறாள் ஊனா.
தலையணைகள் கால்மாட்டில்.
நிகழ்ச்சித் தாளின் பின்பக்கம் பென்சில் எழுத்து:

'வயர் எட்டுகிறது, நன்றி.
ஆனால் இந்தப் பக்கம் படுத்தால்
நடுராத்திரியிலும் மலையில் வெயில் தெரிகிறது.
மர்டோ முகமூடியோடு பனித்திட்டுகளை எண்ணினார்.
இருபத்து மூன்றில் தூங்கிவிட்டார்.
அந்தப் பக்கம் திரும்ப
இப்போது எங்களுக்கு மனசில்லை.'

கதவைப் பார்த்தேன். கட்டிலைப் பார்த்தேன்.
யாரும் பார்க்காதபோது சின்னதாய் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு
சாக்லேட்டைக் கால்மாட்டில் வைத்தேன்.

கீழே, தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, எங்கள் அறை.
இரண்டு பேருக்கு ஒரு பிளக் பாயிண்ட்.
பத்து மணி வரை யோஹானஸ், அப்புறம் நான்.
அது உள்சுவரில் இருக்கிறது,
போன் வயரும் நீளமில்லை.
பேசிக்கொண்டே தூங்கிப்போக வேண்டுமென்றால்
தலை அங்கேதான்.

எத்தனையோ கப்பல், பதினொரு வருஷம்,
இதே அளவுப் படுக்கை.
அன்றைக்குத்தான் குனிந்து பார்த்தேன்
என் கால் எந்தப் பக்கம் என்று.