ஒரே பெயர்

பத்தேகாலுக்கு டிரான்ஸ்ஃபார்மர்
ஒருமுறை இருமி நின்றது.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம் முழுக்க இருட்டு.
மணலி வானத்தில் மட்டும் அந்த ஆரஞ்சுத் தீ,
யாரையும் கேட்காமல்.

வந்தது, போனது, மங்கலாக வந்தது.
ஃபேன் கிரைண்டர் வேகத்தில் சுற்றியது.
ஒன்றரைக்கு ஒழுங்காக வந்தபோது
தெருவே ஒரு குரலில் ஆங் என்றது.
என் வீட்டு பல்புகள் மட்டும்
என்னைத் தெரியாது என்றன.

நாலு பல்பு, ஒரு பிளக்.
யார்டில் கொடுத்த போன வருட போனஸ்.
கன்டெய்னர் நம்பர் பார்த்துப் பார்த்துக் கண் எரிய
ஷிப்ட் முடிந்து வரும் ராத்திரிகளில்
தெருமுனையிலேயே போனில் ஒரு தட்டு.
நான் வருவதற்குள் வீடு விழித்திருக்கும்.
பூட்டிய கதவின் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால்
யாரோ உள்ளே இருக்கிற மாதிரி
சாவியைக் கொஞ்சம் மெதுவாகத் திருப்புவேன்.

இப்போது போன் சொல்கிறது: ஆஃப்லைன்.
தலைக்கு மேலே எரிந்துகொண்டே
ஆஃப்லைன்.
ஒரு நிமிடம் கழித்து, இருக்கிறேன்.
மறுபடி, இல்லை.
அணை என்றால் யோசிக்கிறது,
நான் வேறு அறைக்குப் போனபின் அணைகிறது.

பஷீருக்கு போன் போட்டேன்.
அந்நேரத்திலும் கம்பத்தில்தான் இருந்தான்.
"இன்னாக்கா, ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?"
பண்ணினேன்.
"வயரப் புடுங்கி, பத்து எண்ணி சொருவு."
பத்து எண்ணினேன். நூறு எண்ணினேன்.
உப்புக்காற்றில் பச்சை பூத்த முனையை
பழைய பல் பிரஷால் தேய்த்தேன்.
டப்பாவை டிவி மேலிருந்து எடுத்து
பீரோ மேல் வைத்தேன்,
நாற்காலியில் ஏறிப் பரண் விளிம்பில் வைத்தேன்,
கோபத்தில் மொத்தமாக அணைத்தும் வைத்தேன்.

அணைத்து வைத்த அந்த நேரத்தில்
போனின் சொந்த டேட்டாவில்
கை மறதியாகச் சமையலறையைத் தட்ட,
எரிந்தது.

வீட்டில் நெட்டே இல்லை.
எரிகிறது.

"பஷீரே, மேல் வீட்டு வைஃபைக்கு என்ன பேர்?"
"சுறா நெட். உனுக்கும் அதான். அல்லாருக்கும் அதான்."
"பாஸ்வேர்டு?"
"ஒண்ணுலேர்ந்து எட்டு வரிக்கும். மறக்காதுல்ல?"

மேலே மல்லேஸ்வரிக்கு இன்வெர்ட்டர் உண்டு.
அவள் டப்பா தூங்குவதே இல்லை.
கரண்ட் வந்ததும் என் டப்பா கண் திறக்க
இரண்டு நிமிடம் ஆகிறது.
பல்புகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது.
தெரிந்த பெயர் கேட்ட பக்கம்
கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு ஓடிவிடுகின்றன.
பாதி கேட்டும் பாதி கேட்காமலும்
மேலேயே தொங்கிக் கிடக்கின்றன.

மோட்டார் பில்லில் நூற்றிருபது ரூபாய்.
ஆடியிலிருந்து அவளும் நானும் பேசுவதில்லை.
மாடிப்படியில் அவள் இறங்கினால்
நான் பாலை மறந்தவள்போல உள்ளே திரும்புவேன்.
ஆடிக்குப் பிறகு எத்தனை கரண்ட் கட்!
அத்தனை தடவையும்
என் வீட்டு விளக்குகள் அவள் வீட்டு வாசலில்.

பெயரை மாற்றினேன்.
என்ன பெயர் என்று சொல்லப்போவதில்லை,
ஒன்பது எழுத்து.
பிறகு ஒவ்வொன்றாக:
ஸ்விட்சை ஐந்து முறை போட்டு அணைத்து,
அது படபடவென்று கண் சிமிட்டும்வரை நின்று,
புதுப்பெயரை அதன் காதில் போட்டு.
ஹால். சமையலறை. படுக்கை. பிளக்.

நாலாவது பல்பு கதவுக்கு வெளியே,
மாடிப்படிக்கு நேராக.
அதை மாற்றவில்லை.
மணி மூன்றரை, அலுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றே முக்காலுக்கு மெட்ரோ தண்ணீர்.
மேலே தாழ்ப்பாள் சத்தம்,
செருப்பு தேடும் சத்தம்.
மோட்டார் போட இறங்குகிறாள்.
படுத்தபடியே போனை எடுத்துத் தட்டினேன்.
உடனே வரவில்லை.
எங்கோ போய், அவள் வீட்டைத் தொட்டு,
தரையைத் துளைத்துக் கீழே வந்து
எரிந்தது படியில்.

செருப்புச் சத்தம்
ஒரு படியில் நின்றது.