பொறுப்பது போல

எங்கள் தீவுக்குக் குருவானவர் ஆண்டுக்கு இருமுறை வருவார்,
சிலோயே மழை படகுக்கு வழிவிட்டால்.
மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்லித் தருவது நான்,
எலெயுத்தேரியோ நவ்தோ.
உருளைக்கிழங்கு விவசாயி. ஒரு கண்ணில் புரை.

பரலோக மந்திரத்தைப் பதினோரு வருடமாக
ஓரிடத்தில் இருமித்தான் கடந்தேன்.
'பொறுப்பது போல' என்ற இடம் வரும்போது
தொண்டையில் ஏதோ சிக்கும்.
அந்த இருமலும் செபத்தில் சேர்ந்ததென்று நினைத்து
பிள்ளைகள் கூடவே இருமினார்கள்.

சிக்கியது ஒரு வேலிக்கால்.
ரோசமேல் பாரியா ஒரு மழை இரவில்
பிடுங்கி என் பக்கம் தள்ளி நட்ட
இருபத்திரண்டு கால்களில் ஒன்று.
இரண்டு முழம், அவ்வளவுதான்.
இரண்டு முழத்தில் எத்தனை கிழங்கு விளையும்?
எண்ணியிருக்கிறேன்,
ஒவ்வொரு அறுவடையிலும்.

இந்தக் குளிர்காலம் கடல் எங்கள் அடுக்களை வரை வந்தது.
முதலில் கோழிக்கூண்டைக் கேட்டது, கொடுத்தோம்.
பிறகு ஆப்பிள் மரத்தை.
அடுத்தது கேட்பதற்குள் வீட்டை
மேட்டுக்கு இழுத்துவிடலாம் என்றாள் எடுவினா.
இங்கே வீடுகள் மரத்தால் ஆனவை,
அடியில் கட்டை போட்டு, மாடு பூட்டி இழுப்போம்.
கூலி கிடையாது.
ஊர் வரும், உழைக்கும், வயிறாரச் சாப்பிடும்.
மிங்கா என்று பெயர்.

வீடு வீடாகப் போய் அழைத்தேன்.
ஒரு வாசலை மட்டும் தாண்டிப் போனேன்.
தாண்டும்போது இருமல் வந்தது.

மேட்டுக்கு அவன் நிலத்தின் வழியே நூறு அடி,
சதுப்பைச் சுற்றினால் ஆயிரம்.
சுற்றியே போவோம் என்றேன்.
யாரும் எதுவும் சொல்லவில்லை,
என் காலணிகளைப் பார்த்தார்கள்.

ஏழு ஜோடி மாடுகள்.
இறங்க மாட்டேன் என்று எடுவினா ஜன்னலில் பூனையோடு நின்றாள்,
கப்பலில் போகிறவள் மாதிரி.
சதுப்பின் விளிம்பில் கட்டைகள் முறிந்தன.
வீடு ஒரு பக்கம் சாய்ந்து
சேற்றில் உட்கார்ந்துவிட்டது.
மாடுகளின் மூச்சு மட்டும் கேட்டது.

அப்போது எட்டாவது ஜோடி வந்தது, செவலை மாடுகள்.
பின்னால் சறுக்குவண்டி நிறையக் கட்டைகள்.
அவன் நிலத்தைத் திரும்பிப் பார்த்தேன்.
வேலி இல்லை.
குழிகள் மட்டும், மழைநீர் தேங்கி,
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் வானம்.

ஒரு கட்டையைக் கையில் வாங்கினேன்.
நுனியில் என் கோடரிக் குறி.
இளவயதில் அவனும் நானும்
சேர்ந்து வெட்டிய சைப்ரஸ்.
"தண்ணியில ஊறாத மரம்," என்றான் ரோசமேல்.
"நீதானே பாத்து எடுத்தே."
வேறொன்றும் சொல்லவில்லை.
நானும்தான்.

பிறகு நடந்தது வெறும் வேலை.
கட்டை வீட்டைப் பொறுக்கும், உருளும்,
பின்னால் வந்து சேற்றில் விழும்.
யாராவது அதைத் தூக்கிக்கொண்டு ஓடி
மறுபடி முன்னால் போடுவார்கள்.
அதே கட்டை. அதே பாரம்.
ஒருமுறை பொறுத்தது போதாது
என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை.
எழுபது தடவை ஏழு முறை என்றவர்
தச்சனின் வீட்டில் வளர்ந்தவர்.
உருளைக் கட்டையை அறிந்திருப்பார்.

முழுக்க மன்னித்துவிட்டேனா? தெரியவில்லை.
சில மாலைகளில் இன்னும் கிழங்கு எண்ணுகிறேன்.
ஆனால் புதிய இடத்தில் எங்கள் அடுக்களை ஜன்னல்
அவன் புகைபோக்கியைப் பார்த்து நிற்கிறது.
விடிந்து வெகுநேரம் புகை எழாவிட்டால்
"போய்ப் பார்த்துட்டு வா," என்கிறாள் எடுவினா.
போகிறேன். முணுமுணுத்துக்கொண்டே,
சில நாள் ரொட்டியோடு.

அடுத்த ஞாயிறு அந்த இடம் வந்தது.
நான் இருமவில்லை.
பிள்ளைகள் இருமினார்கள், வழக்கம்போல.
கடைசிப் பெஞ்சில்
ரோசமேலும்.