நகல் புத்தகம்

அச்சுப்பொறித் தாளில் சுண்ணம் இருக்கிறது, குழலைத் தின்னும்.
சிகரெட் தாள் நனைத்ததும் விரலோடு வந்துவிடும்.
விமானத் தபால் தாள் பரவாயில்லை,
ஆனால் மூன்றாவது கட்டு வாங்கும்போது
கம்பெனிக்காரன் பருத்தியைக் குறைத்துவிட்டான்.
இழுத்தால் தெரிகிறது:
முனகாமல் கிழிகிறது.

ஈயக் குண்டுக்கு ஒரு சட்டை,
அதற்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா என்கிறாள் பூங்கோதை.
பார்க்க வேண்டும்.
இரண்டே சுற்றுதான், ஆனால் விட்டத்தில் நான்காகும்,
இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு.
அங்குலத்தை ஆயிரமாக்கி
அதில் அரைப் பங்கு தடித்தாலும் குண்டு உள்ளே இறங்காது.
மெலிந்தால் நெருப்பு பக்கவாட்டில் புகுந்து
ஈயத்தை நக்கும்.
முனையும் முனையும் தொட வேண்டும், ஏறக் கூடாது.
கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவனுக்கு
இது புதிய விஷயம் அல்ல.

கில்ட்ஃபோர்டு ஏலத்தில் பதினோரு பவுண்டுக்கு
உடைந்த குடைத்தாங்கி ஒன்றோடு சேர்த்துத் தள்ளிவிட்டார்கள்:
கிரிம்ஷா அண்ட் சன்ஸ், லூட்டன்,
தொப்பி உள்துணி மொத்த வியாபாரம்,
கடித நகல் புத்தகம்.
எழுதிய கடிதத்தின் மேல் ஈரத்தாளை வைத்து அழுத்துவார்களாம்,
மையில் கொஞ்சம் இங்கே வந்துவிடும்.
பின்புறமிருந்து படித்தால் எழுத்து நேராகும்.
நனைவதற்கென்றே பிறந்த தாள்.
அளந்தேன், ஆயிரத்தில் ஒன்றரை.
ஜன்னலில் பிடித்தேன், வெளிச்சம் திட்டுத்திட்டாக வரவில்லை.
உதறினேன்,
கோடிச் சேலை மாதிரிப் பேசியது.

ஐந்நூறு தாளில்
முந்நூற்றுப் பன்னிரண்டோடு கடிதங்கள் நிற்கின்றன.
1889, அக்டோபர்.
மீதி நூற்று எண்பத்தெட்டும் வெறுமை,
எழுதுவதற்குக் கம்பெனி இல்லாமல் போன கடிதங்கள்.
தாளுக்குப் பதினாறு துண்டு, முனையைச் சாய்த்து வெட்டி,
பிஸ்லியில் ஆறு வருடம்
அவற்றைச் சுட்டுத் தீர்த்தேன்.

கடைசி வெற்றுத்தாள் தீர்ந்த அன்று
பக்கத்துப் பாயிலிருந்து டெஸ்மண்ட் பில்பீம் சொன்னான்,
"எழுதினதில் கை வைக்காதே, மையில் இரும்பு இருக்கும்."
இது ஊதா மை. இரும்பு கிடையாது.
ஆனால் வெட்டுவதற்கு முன் படித்துவிட்டேன்,
தப்பு அதுதான்.

திருமதி ஆக்வெல் அவர்களுக்கு,
மூன்று பவுண்டு நான்கு ஷில்லிங் பாக்கி தொடர்பாக
நாங்கள் முன்னர் எழுதிய இரண்டுக்கும்
தங்கள் மௌனம் கிடைக்கப் பெற்றோம்.

வெட்டினேன்.
நனைத்து உருட்டும்போது
நூற்று முப்பது வருடத்துக்கும் மேலாகக் காய்ந்து கிடந்த ஊதா
தண்ணீர் பட்டதும் எழுந்து
என் கட்டைவிரலில் ஏறிக்கொண்டது:
ஒரு 3, முதுகைத் திருப்பியபடி.
வாலை முறுக்கி அடியில் மடித்துக் காயவைத்தேன்.

ஞாயிறு. ஆயிரம் கஜம். புல்லில் ஈரம்.
சட்டை போட்ட குண்டு சட்டையோடு போவதில்லை.
வாயைத் தாண்டியதும் கிழித்து எறிந்துவிட்டு
ஈயம் அம்மணமாகப் போகும்.
அப்படித்தான் போக வேண்டும்,
ஒட்டிக்கொண்டால் குறி கெடும்.
ஆகவே அன்றைக்கும்
திருமதி ஆக்வெல்லுக்குக் கடிதம் போய்ச் சேரவில்லை.

புகை கலைந்தது. இருமினோம்.
டெஸ்மண்ட் தொலைநோக்கியை விட்டுத் தலையெடுக்காமல்
"ஒன்பது மணிப் பக்கம், ரொம்ப வெளியே" என்றான்.

கொடி இறங்கி, எல்லாத் துப்பாக்கியும் திறந்து வைக்கப்பட்ட பிறகு
முன்னால் போய்ப் பொறுக்கினேன்.
குழலின் வரிப்பள்ளங்கள் நேர்நேராகக் கீறியிருந்தன,
ஓரம் கருகவில்லை.
நல்ல தாள்.
ஒரு கீற்றில் ஷில்லிங் மட்டும் தப்பியிருந்தது, நான்கும்.
பவுண்டைத் தேடினேன், காணவில்லை.
வீட்டில் இன்னும் முந்நூற்றுப் பதினொரு கடிதம் இருக்கிறது,
எல்லாம் மரியாதையான கையெழுத்து.

மதிப்பெண் புத்தகத்தில்
'தவறியதற்குக் காரணம்' என்ற கட்டத்தில்
கைப்பழக்கத்தில் வாராக்கடன் என்று எழுதி,
அடித்துவிட்டு,
காற்று என்று எழுதினேன்.